கண்ணெதிரே விஞ்ஞானம் காட்டிய டாக்டர்

ராமகிருஷ்ண பரமஹம்சரின் படத்தை வீட்டில் மாட்டி வைத்திருக்கும் தமிழர்கள் ஏராளம். அவருடைய கடைசி நாட்களில் தொண்டைப் புற்றுநோய்க்கு மருத்துவம் பார்த்த டாக்டர் யார் என்று கேட்டால், பதில் சொல்லக் கூடியவர்கள் வெகு சிலரே.

அவர் பெயர் மகேந்திரலால் சர்க்கார். கல்கத்தாவில் அந்தக் காலத்தில் அவரைத் தெரியாதவர்கள் இல்லை. பெரிய டாக்டர். கோபக்காரர். மனதில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். பரமஹம்சரிடம் மட்டற்ற அன்பு வைத்திருந்தார். ஆனாலும் அவரை அவதாரம் என்று மற்றவர்கள் சொன்னபோது ஒப்புக்கொள்ளவில்லை. மனிதனை மனிதன் காலில் விழுந்து வணங்குவது சரியல்ல என்று சீடர்களிடமே வாதாடினார். வாதாடிவிட்டு மறுநாளும் வந்து உட்கார்ந்து, மற்ற நோயாளிகள் காத்திருப்பதையும் மறந்து, மணிக்கணக்காகப் பேசிக்கொண்டிருந்தார். கட்டணம் வாங்க மறுத்துவிட்டார். 1886 ஆகஸ்டு 16-ந் தேதி பரமஹம்சர் மறைந்தபோது நேரில் வந்து பார்த்தார். போட்டோ எடுக்க ஏற்பாடு செய்யும்படி கூறி, அதற்காகப் பத்து ரூபாயும் கொடுத்துவிட்டுப் போனார்.

ஆனால் மகேந்திரலால் தம் வாழ்நாளைச் செலவிட்டது மருத்துவத்துக்காக அல்ல. பரமஹம்சரின் அறையில் உட்கார்ந்திருந்த அந்த நாட்களிலும் அவர் மனதில் ஓடிக்கொண்டிருந்தது வேறொரு கவலை. கல்கத்தா பவ்பஜார் தெருவில், 210-ம் எண் வீட்டில், மாலை நேரத்தில் பையன்களைக் கூட்டி வைத்து விஞ்ஞானத்தைக் கண்ணெதிரே செய்து காட்ட வேண்டும். அதைப் பார்க்கிறவர்களில் சிலராவது விஞ்ஞானமே தம் தொழில் என்று முடிவு செய்ய வேண்டும். அதற்காகத்தான் அவர் பணம் திரட்டினார், ஏச்சு வாங்கினார், கடைசியில் மனமுடைந்தார்.

<b>தாய் தந்தையற்ற சிறுவன்</b>

ஹௌரா மாவட்டத்தில் பாய்க்பாரா என்ற சிற்றூர். அங்கே 1833 நவம்பர் 2-ந் தேதி மகேந்திரலால் பிறந்தார். ஐந்து வயதில் தந்தை இறந்தார். ஒன்பது வயதில் தாயும் இறந்துவிட்டார். கல்கத்தாவில் இருந்த தாய்மாமன்மார் அவரை எடுத்து வளர்த்தார்கள்.

மாமன்மார் வசதி படைத்தவர்கள் அல்ல. ஹேர் பள்ளியில் சம்பளம் கட்டாத இலவச மாணவராகச் சேர்ந்து படித்தார். உதவித் தொகை பெற்று இந்துக் கல்லூரிக்குப் போனார். 1854 வரை அங்கே இருந்தார். இலக்கியம், தத்துவம், கணிதம் எல்லாம் அங்கே நன்றாகச் சொல்லிக் கொடுத்தார்கள். விஞ்ஞானம் மட்டும் போதிய அளவு இல்லை. விஞ்ஞானத்தை முறையாகப் படிக்க வேண்டுமானால் அப்போது கல்கத்தாவில் ஒரே வழிதான் இருந்தது. அது மருத்துவக் கல்லூரி. டாக்டராக வேண்டும் என்பதைவிட விஞ்ஞானம் படிக்க வேண்டும் என்ற ஆசையே அவரை அங்கே கொண்டு போய்ச் சேர்த்தது.

அங்கே இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது ஒரு வேடிக்கை நடந்தது. கண்ணைப் பற்றியும் ஒளியைப் பற்றியும் இந்த மாணவருக்கு இருந்த அறிவைக் கண்டு பேராசிரியர்களே வியந்துபோனார்கள். உடன் படிக்கும் மாணவர்களுக்கு ஒளியியல் பற்றித் தொடர்ச்சியாகச் சொற்பொழிவு செய்யும்படி அவரையே கேட்டுக்கொண்டார்கள். அவரும் செய்தார். மாணவன் மாணவர்களுக்கு வாத்தியார் ஆனான்! பின்னாளில் பவ்பஜார் தெருவில் அவர் செய்த காரியத்துக்கு இதுதான் முதல் ஒத்திகை என்று சொல்ல வேண்டும்.

1863-ல் எம்.டி. பட்டம் பெற்றார். கல்கத்தாப் பல்கலைக் கழகத்தில் அந்தப் பட்டம் பெற்ற முதல் சிலரில் அவரும் ஒருவர். தொழில் அமோகமாக நடந்தது. வெள்ளைக்கார டாக்டர்கள் அவரைத் தங்களுக்குச் சமமாக மதித்தார்கள். பிரிட்டிஷ் மருத்துவச் சங்கத்தின் வங்காளக் கிளையில் பொறுப்பும் கொடுத்தார்கள்.

<b>ஒரே நாளில் சரிந்த தொழில்</b>

அந்தச் சங்கத்தில் பேசும்போது மகேந்திரலால் ஹோமியோபதியைக் கேலி செய்வார். ஒரு சமயம் ஹோமியோபதியைப் பற்றிய ஒரு புத்தகம் அவரிடம் மதிப்புரைக்கு வந்தது. படித்துவிட்டுக் கிழித்துப் போட்டிருக்கலாம். நேரில் பாராமல் எழுதுவது நியாயமல்ல என்று அவருக்குத் தோன்றியது. கல்கத்தாவில் ராஜேந்திர தத்தர் என்ற செல்வந்தர் ஹோமியோபதி வைத்தியம் செய்துவந்தார். அவருடைய நோயாளிகளைக் கூடவே இருந்து கவனித்தார். கவனித்ததும் மனம் மாறிவிட்டது.

1867 பிப்ரவரி 16-ந் தேதி, மருத்துவச் சங்கத்தின் கூட்டத்திலேயே எழுந்து அதைச் சொல்லிவிட்டார். கூட்டத்தில் கூச்சல் எழுந்தது. அன்றோடு அவருக்கும் சங்கத்துக்கும் உறவு முறிந்தது. சக டாக்டர்கள் அவரை ஒதுக்கினார்கள். நோயாளிகள் வருவது நின்றது. மாதக்கணக்கில் வருமானம் இல்லை. மருத்துவப் பத்திரிகைகள் அவர் எழுதுவதை வெளியிடவில்லை. 1868 ஜனவரியில் அவரே ஒரு மருத்துவப் பத்திரிகை தொடங்கினார்.

ஹோமியோபதியை இன்றைய மருத்துவ விஞ்ஞானம் ஏற்கவில்லை. மகேந்திரலால் அதில் கண்ட பலன் சோதனைகளில் நிலைக்கவில்லை என்பதே இன்றைய முடிவு. ஆனால் அவர் செய்த முடிவு சரியா தவறா என்பது வேறு, அதற்கு அவர் போன வழி வேறு. கேட்டதை நம்பாமல் பார்த்ததை நம்பினார். பார்த்ததை, சோறு போய்விடும் என்று தெரிந்தும், மறைக்காமல் சொன்னார். நாட்டில் உள்ள பையன்களுக்கும் இந்தப் பழக்கம் வரவேண்டும் என்று அதன்பின் நினைக்கத் தொடங்கினார்.

<b>ஏட்டுச் சுரைக்காய்</b>

அந்த நாளில் கல்லூரிகளில் விஞ்ஞானம் எப்படி இருந்தது? புத்தகத்தில் இருந்தது. ஒளி எப்படி வளைகிறது என்பதை மனப்பாடம் செய்து எழுதிவிடலாம். முப்பட்டைக் கண்ணாடியைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டியதில்லை. காந்தத்தைத் தொடாமலே காந்தத்தைப் பற்றிய கேள்விக்கு விடை எழுதித் தேர்ச்சி பெறலாம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது இதற்கு நன்றாகப் பொருந்தும்.

படித்து முடித்தவர்களுக்கு இருந்த வழிகளும் சிலவே. ஒன்று வக்கீல். இல்லையென்றால் டாக்டர். அதுவும் இல்லையென்றால் சர்க்கார் ஆபீசில் குமாஸ்தா. விஞ்ஞானியாக இருப்பது ஒரு பிழைப்பு என்று யாருக்கும் தோன்றவில்லை. அப்படி ஒரு பிழைப்பு இந்தியனுக்கு இருக்கவும் இல்லை. நில அளவை, வானிலை, தாவர ஆராய்ச்சி போன்ற துறைகளில் மேல் பதவிகள் வெள்ளைக்காரர்களிடம் இருந்தன. இந்தியனுக்கு இதற்கெல்லாம் மூளை போதாது என்று பேசிய அதிகாரிகளும் உண்டு.

1869-ல் தமது பத்திரிகையில் மகேந்திரலால் ஒரு கட்டுரை எழுதினார். இந்தியர்களே விஞ்ஞானத்தை வளர்ப்பதற்கு ஒரு நிலையம் தேவை என்பது அதன் பொருள். லண்டனில் 1799 முதல் ராயல் இன்ஸ்டிட்யூஷன் என்ற நிலையம் இருந்தது. அங்கே பொதுமக்கள் முன்னிலையில் பெரிய விஞ்ஞானிகள் சோதனைகள் செய்து காட்டுவார்கள். புத்தகம் பைண்டு செய்யும் கடையில் வேலை பழகிக்கொண்டிருந்த மைக்கேல் பாரடே என்ற இளைஞர், 1812-ல் அங்கே டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்டார். கேட்டதைக் குறிப்பெடுத்து, பைண்டு செய்து, டேவிக்கே அனுப்பினார். மறு வருடம் அந்த நிலையத்திலேயே வேலை கிடைத்தது. பிறகு அவர் கண்டுபிடித்த தத்துவத்தில்தான் இன்று மின்சார நிலையங்களில் ஜெனரேட்டர்கள் சுழல்கின்றன. பைண்டிங் கடைப் பையனுக்கு ஒரு கதவு திறந்து கிடந்தது. கல்கத்தாவிலும் அப்படி ஒரு கதவு வேண்டும் என்றார் மகேந்திரலால்.

இன்னொன்றையும் அழுத்திச் சொன்னார். இந்த நிலையம் முழுக்க முழுக்க இந்தியர்களின் பணத்தில் நடக்க வேண்டும். இந்தியர்களே நிர்வாகம் செய்ய வேண்டும்.

<b>உண்டியல் ஏந்திய ஏழாண்டு</b>

1870 ஜனவரியில் திட்டம் பத்திரிகையில் வெளிவந்தது. அதன்பின் பணம் திரட்டும் படலம். ஜமீன்தார்கள், மகாராஜாக்கள், வக்கீல்கள் வீடுகளுக்கு நடையாய் நடந்தார். தமது ரண வாயால் பல பேரிடம் பகையைச் சம்பாதித்து வைத்திருந்தவர் அவர். அப்படிப்பட்டவர் வீடு வீடாகப் போய்க் கையேந்துவது எவ்வளவு கஷ்டம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஈஸ்வர சந்திர வித்தியாசாகர் ஆயிரம் ரூபாய் கொடுத்தார். நாவலாசிரியர் பங்கிம் சந்திரர் தமது வங்கதர்சன் பத்திரிகையில் இந்தத் திட்டத்தை ஆதரித்து எழுதினார். ஆனாலும் பணம் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. கல்யாணத்துக்கும் திவசத்துக்கும் லட்சக்கணக்கில் செலவழித்த பிரபுக்கள், விஞ்ஞானம் என்றதும் பையை இறுக்கிக்கொண்டார்கள்.

எதிர்ப்பும் வந்தது. இந்தியன் லீக் என்ற அமைப்பினர், நாட்டுக்குத் தேவை தொழிற்பள்ளிதான், விஞ்ஞானச் சொற்பொழிவு அல்ல என்றார்கள். பையன்களுக்குக் கைத்தொழில் கற்றுக் கொடுத்தால் உடனே வேலை கிடைக்கும், பிரிசத்தையும் குழாயையும் காட்டுவதால் அடுப்பெரியுமா என்பது அவர்கள் வாதம். இதை வெறும் குதர்க்கம் என்று தள்ளிவிட முடியாது. பசித்தவனுக்கு முதலில் வேலைதான் வேண்டும். ஆனால் மகேந்திரலால் விட்டுக்கொடுக்கவில்லை. வேரில்லாமல் மரம் எப்படி நிற்கும்? மற்ற நாட்டார் கண்டுபிடித்த இயந்திரத்தை ஓட்ட மட்டும் இந்தியன் கற்றுக்கொண்டால் அவன் என்றைக்கும் ஓட்டுகிறவனாகவே இருப்பான் என்று அவர் அஞ்சினார். வங்காள லெப்டினென்ட் கவர்னர் ரிச்சர்டு டெம்பிளின் ஆதரவு அவர் பக்கம் சாய்ந்தது.

1876 ஜூலை 29-ந் தேதி இந்திய விஞ்ஞான வளர்ச்சிச் சங்கம் பவ்பஜார் தெருவில் திறக்கப்பட்டது. கட்டுரை எழுதி ஏழு ஆண்டுகள் ஆகியிருந்தன.

<b>பாதிரியார் ஒருவர் துணை</b>

மகேந்திரலாலுக்கு இந்த வேலையில் தோள் கொடுத்தவர் ஒரு வெளிநாட்டுப் பாதிரியார். லாபோன் என்பது பெயர். பெல்ஜியம் நாட்டுக்காரர். 1865-ல் கல்கத்தா வந்து, தூய சவேரியார் கல்லூரியில் விஞ்ஞானம் கற்பித்தார். 1867 நவம்பரில் பெரும்புயல் ஒன்று வருவதைத் தமது கருவிகளைப் பார்த்து முன்கூட்டியே எச்சரித்து நகரத்தில் பெயர் பெற்றவர். எடிசனின் ஒலிப்பதிவுக் கருவியையும் மாயவிளக்குப் படங்களையும் கல்கத்தா மக்களுக்குக் காட்டியவர். பேசினால் கேட்டுக்கொண்டே இருக்கலாம் என்பார்கள்.

ஒருவர் கிறிஸ்தவப் பாதிரியார். மற்றவர் எந்த மடத்துக்கும் தலைவணங்காத வங்காளி டாக்டர். இருவரும் பௌதிகத்தைப் பங்கு போட்டுக்கொண்டு பாடம் நடத்தினார்கள். ஒளி, ஒலி, வெப்பம், மின்சாரம், காந்தம் என்று வரிசையாகப் போகும். ரசாயனத்துக்கு வேறு டாக்டர்கள் வந்தார்கள். சம்பளம் யாருக்கும் இல்லை. மகேந்திரலால் பகலெல்லாம் நோயாளிகளைப் பார்த்துவிட்டு, வண்டியை நேரே பவ்பஜாருக்கு விடுவார்.

சொற்பொழிவு என்றால் வெறும் பேச்சு அல்ல. மேசை மீது கருவிகள் இருக்கும். அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட கூட்டங்களில் வழக்கமாகக் காட்டப்பட்ட சோதனை ஒன்றைச் சொல்லலாம். கண்ணாடி மூடிக்குள் ஒரு மணி அடித்துக்கொண்டிருக்கும். உள்ளேயிருக்கும் காற்றைப் பம்பு வைத்து உறிஞ்ச உறிஞ்ச, மணியின் நாக்கு ஆடுவது தெரியும், ஓசை மட்டும் தேய்ந்துகொண்டே போகும். கடைசியில் மணி அடிக்கிறது, சத்தமே இல்லை! ஒலிக்குக் காற்று வேண்டும் என்று புத்தகத்தில் பத்து முறை படித்தவனும் அதைப் பார்த்தால் நிமிர்ந்து உட்காருவான். வீட்டுக்குப் போய் ஏன், எப்படி என்று யோசிப்பான். மகேந்திரலால் விதைக்க விரும்பியது அந்த யோசனையைத்தான்.

யாரும் வரலாம் என்பது சங்கத்தின் சிறப்பு. சொந்தமாகச் சோதனைச் சாலை இல்லாத கல்லூரிகளின் மாணவர்களுக்கு இந்த இடம் பெரிய வரப்பிரசாதமாக இருந்தது. பெண்கள் விஞ்ஞானம் படிக்க வழியில்லாத காலம் அது. ரவீந்திரநாத் தாகூரின் சகோதரி மகளான சரளா தேவிக்குப் பௌதிகம் படிக்க ஆசை. பெண்கள் கல்லூரியில் அதற்கு வசதி இல்லை. அவர் மகேந்திரலாலின் மாலை வகுப்புகளுக்கு வந்தார். வீட்டுப் பையன்கள் இருவர் இரு பக்கமும் காவலுக்கு உட்கார, நடுவில் இருந்து பாடம் கேட்டார்.

லாபோன் பாதிரியாரிடம் கல்லூரியில் படித்த மாணவர் ஜகதீச சந்திர போஸ். கேம்பிரிட்ஜ் சென்று திரும்பி வந்ததும், சங்கத்திலும் சில காலம் மாணவர்களுக்குப் பாடம் நடத்தினார். 1895-ல் கல்கத்தா டவுன் ஹாலில் கம்பி இல்லாமல் மின்காந்த அலையை அனுப்பி, தூரத்தில் இருந்த மணியை அடிக்க வைத்து, வெடிமருந்தை வெடிக்க வைத்துக் காட்டினார் அவர். ஆசிரியர் காட்டிய வழியில் மாணவரும் கூட்டத்துக்கு நடுவே செய்து காட்டினார்!

அசுதோஷ் முகர்ஜி என்ற இளைஞரும் சங்கத்துக்கு வந்து போனார். கணிதத்தில் புலி. அங்கே சில ஆண்டுகள் கணிதச் சொற்பொழிவும் செய்தார். பிறகு வக்கீலாகி, ஹைகோர்ட் நீதிபதியாகி, பல்கலைக் கழகத் துணைவேந்தரும் ஆனார். இவர் பெயரை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கதையின் பின்பகுதியில் மறுபடி வருகிறார்.

<b>கருவி உண்டு, ஆள் இல்லை</b>

சங்கம் வளர்ந்தது. கருவிகள் வாங்கக் காளிகிருஷ்ண தாகூர் பெருந்தொகை கொடுத்தார். பெரிய சொற்பொழிவு மண்டபம் கட்டப்பட்டது. அப்போது சென்னை ராஜதானியில் இருந்த விஜயநகரம் ஜமீனின் மகாராஜா கொடுத்த நன்கொடையில் சோதனைச் சாலையும் எழுந்தது.

மகேந்திரலாலுக்குப் பட்டங்களும் பதவிகளும் வந்து குவிந்தன. 1883-ல் சி.ஐ.இ. பட்டம். 1887-ல் கல்கத்தா ஷெரீப் பதவி. 1898-ல் பல்கலைக் கழகத்தின் கௌரவ டாக்டர் பட்டம். தேவகரில் தொழுநோயாளிகளுக்காக ஒரு விடுதி ஏற்படுத்தி, மனைவி ராஜகுமாரியின் பெயரை வைத்தார்.

ஆனால் அவர் கேட்டது இவற்றை அல்ல. சங்கத்துக்குச் சம்பளம் வாங்கும் பேராசிரியர்கள் வேண்டும் என்று கேட்டார். ஒரு மனிதன் காலை முதல் இரவு வரை ஆராய்ச்சியே செய்ய வேண்டும். அவனுக்கும் குடும்பம் இருக்கிறது. அவனுக்குச் சோறு போட ஒரு மூலதனம் வேண்டும். சோதனை காட்டி ஆசையை மூட்டிவிடலாம். ஆசை மூண்ட பையன் மறுநாள் எங்கே போவான்? இடம் இல்லையென்றால் அவன் திரும்பவும் ஆபீஸ் வாசலில்தான் போய் நிற்பான். இந்தக் கணக்கு மகேந்திரலாலுக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. ஆண்டுக் கூட்டம் தோறும் எழுந்து இதையே கேட்டார். கெஞ்சினார். திட்டினார். பணம் வரவில்லை.

பல்கலைக் கழகக் கல்லூரிகளில் சோதனைச் சாலைகள் மெல்ல மெல்ல வந்தன. அதனால் சங்கத்தின் வகுப்புகளுக்கு வந்த கூட்டமும் குறைந்தது. அலமாரியில் கருவிகள் மட்டும் அப்படியே இருந்தன.

இறப்பதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் சங்கக் கூட்டத்தில் மனம் நொந்து பேசினார். தமது முயற்சி தோற்றுவிட்டது என்று ஒப்புக்கொள்ளும் தொனியில் இருந்தது அந்தப் பேச்சு. நல்ல வருமானம் தந்த தொழிலைக் கவனிக்காமல் முப்பது ஆண்டுகளை இதில் போட்டது வீணோ என்றுகூட ஐயப்பட்டார். அதே பேச்சில் இன்னொன்றும் சொன்னார். இளைஞர்கள் யாராவது வருவார்கள், தமது இடத்தில் நின்று இதைப் பெரிய நிலையமாக ஆக்குவார்கள் என்றார். யார் அந்த இளைஞர் என்று அவருக்குத் தெரியாது.

1904 பிப்ரவரி 23-ந் தேதி மகேந்திரலால் காலமானார். வயது 70. மகன் அமிர்தலால் சர்க்கார் சங்கத்தின் செயலாளர் ஆனார். அவரும் டாக்டர்தான். வருவோர் போவோர் குறைந்த அந்த வீட்டைத் தந்தைக்காகக் காத்துவந்தார்.

<b>டிராமில் இருந்து இறங்கியவர்</b>

1907. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த 18 வயதுத் தமிழ் இளைஞர் ஒருவர், நிதித்துறைத் தேர்வில் முதலாவதாக வந்து, உதவி அக்கவுண்டன்ட் ஜெனரல் வேலைக்குக் கல்கத்தா வந்து சேர்ந்தார். கூடவே இளம் மனைவி லோகசுந்தரி. திருவானைக்காவலில் பிறந்த அவர் பெயர் சந்திரசேகர வெங்கட ராமன்.

மாணவராக இருந்தபோதே, 1906-ல், ஒளியைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை லண்டன் விஞ்ஞான இதழில் வெளிவந்திருந்தது. மேல்படிப்புக்கு இங்கிலாந்து போகலாம் என்றால், அந்தக் குளிர் இந்த உடம்புக்கு ஆகாது என்று சென்னை டாக்டர் தடுத்துவிட்டார். பிறகு என்ன செய்வது? பரீட்சை எழுதி ஆபீசுக்குப் போனார். மகேந்திரலால் பயந்தபடியேதான் நடந்தது.

ஒரு நாள் பவ்பஜார் தெரு வழியே டிராமில் போகும்போது ஒரு பெயர்ப் பலகை கண்ணில் பட்டது. இந்திய விஞ்ஞான வளர்ச்சிச் சங்கம் என்று எழுதியிருந்தது. இறங்கிப் போய்க் கதவைத் தட்டினார். ஆசுதோஷ் தே என்ற ஊழியர் கதவைத் திறந்தார். உள்ளே அமிர்தலால் இருந்தார். ஆபீஸ் நேரம் போக மீதி நேரத்தில் இங்கே ஆராய்ச்சி செய்துகொள்ளலாமா என்று ராமன் கேட்டதும், அமிர்தலாலுக்கு உண்டான ஆனந்தத்துக்கு அளவே இல்லை. இப்படி ஒருவர் வருவதற்காகத்தானே தந்தை காத்திருந்தார்!

கூட்டத்துக்குக் காட்டுவதற்காக வாங்கி வைத்த கருவிகள் அலமாரியில் இருந்தன. ராமன் அவற்றைத் துடைத்து எடுத்தார். வேண்டியபடி மாற்றி அமைத்துக்கொண்டு ஆராய்ச்சிக்குப் பயன்படுத்தினார். காலை ஐந்தரை மணிக்குச் சங்கத்துக்குப் போவார். பத்து மணிக்குச் சற்று முன் வீட்டுக்கு ஓடி வந்து, குளித்து, சாதத்தை அள்ளிப் போட்டுக்கொண்டு ஆபீசுக்குப் பறப்பார். மாலை ஐந்து மணிக்கு ஆபீசில் இருந்து நேரே சங்கம். வீடு திரும்ப இரவு ஒன்பதரை, பத்து ஆகிவிடும். ஆபீஸ் போகிறவர்களுக்கு இது என்ன பாடு என்று தெரியும். நடுவில் ரங்கூன், நாகபுரி என்று மாற்றல் வேறு. அந்தச் சில காலம் தவிர, பத்து ஆண்டுகள் இப்படியே ஓடின. வீணையையும் தம்பூராவையும் வைத்து ஒலி ஆராய்ச்சி செய்ததும், மிருதங்கத்தின் நாதத்துக்குக் காரணம் கண்டதும் அந்த வீட்டில்தான். மகேந்திரலாலின் மண்டபத்தில் பொதுமக்களுக்குச் சோதனை காட்டிச் சொற்பொழிவும் செய்தார்.

இந்தக் காலத்தில் பல்கலைக் கழகத்தில் துணைவேந்தராக இருந்தவர் யார்? அந்த அசுதோஷ் முகர்ஜி! இளைஞராக இருந்தபோது சங்கத்தில் பாடம் நடத்தியவர். விஞ்ஞானத்துக்கென்று தனிக் கல்லூரி அமைத்தார். அதில் பாலித் பேராசிரியர் பதவியை ராமனுக்குக் கொடுக்க முன்வந்தார். சம்பளம் வாங்கிக்கொண்டு ஆராய்ச்சி செய்யும் பதவி அது. மகேந்திரலால் கேட்டுக் கேட்டு ஓய்ந்த பதவி. 1917-ல் ராமன் அரசாங்க உத்தியோகத்தை உதறிவிட்டு அதில் சேர்ந்தார். சம்பளம் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. கணக்கு ஆபீசில் பதவி உயர்வு வரிசையில் நின்ற ஒருவர் இப்படிச் செய்ததைக் கண்டு சக ஊழியர்கள் திகைத்துப் போயிருப்பார்கள்.

பேராசிரியரானபின்பும் ராமன் பவ்பஜார் தெருவை விடவில்லை. 1919-ல் அமிர்தலால் காலமானதும் சங்கத்தின் செயலாளர் பொறுப்பு ராமனிடம் வந்தது. நாட்டின் பல பாகங்களில் இருந்தும் இளைஞர்கள் அங்கே வந்து சேர்ந்தார்கள். வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணன் அவர்களில் ஒருவர். 1928 பிப்ரவரி 28-ந் தேதி ராமன் விளைவு கண்டறியப்பட்டது அந்த வீட்டில். 1930-ல் நோபல் பரிசு வந்தது. கதவைத் திறந்துவிட்ட ஆசுதோஷ் தே, அந்த நாள் வரை ராமனுக்கு உதவியாளராகக் கூடவே இருந்தார்.

பிறகு சங்கம் கல்கத்தாவின் தென்பகுதியில் ஜாதவ்பூருக்கு இடம் மாறியது. பவ்பஜார் தெருவின் பெயரும் மாறி, விபின் பிஹாரி கங்குலி தெரு ஆகிவிட்டது. 210-ம் எண்ணில் பழைய வீடு இல்லை. அங்கே இப்போது இருப்பது ஒரு வணிகக் கல்லூரி. கணக்குப் பதிவியல் படிக்கிற பையன்களும் பெண்களும் அந்த வாசல் வழியாகப் போய் வருகிறார்கள்.